கணக்கேட்டில் ஏறாத முதல்: வைத்திக்குப்பமும் மீன் வியாபாரமும்

கல்லாவில் விழும் காசை உண்டாக்குவது யார்? விற்கிறவரா, வாங்குகிறவரா? மேலாண்மைப் பாடங்களில் இதற்கு இரண்டு கட்சிகள் உண்டு. வாடிக்கையாளரை உருவாக்குவதுதான் ஒரு தொழிலின் நோக்கமே என்று பீட்டர் டிரக்கர் 1954-ல் வெளியான தன் புத்தகத்தில் வாதிட்டார். அந்தக் கட்சிக்கு வாங்குகிறவர்தான் எல்லாம். விற்பனைப் பிரதிநிதிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் இன்னொரு கட்சியோ, வாய்ச் சாமர்த்தியமும் விடாப்பிடியும் இருந்தால் எதையும் யார் தலையிலும் கட்டிவிடலாம் என்கிறது. நம் ஊர்க் கடைகளிலும் வங்கிகளிலும் வாடிக்கையாளரைப் போற்றும் ஒரு வாசகம் காந்தியின் பெயரில் சட்டம் போட்டுத் தொங்கும். காந்தியின் தொகுக்கப்பட்ட எழுத்துகளில் அப்படி ஒன்று கிடையாது. அவர் பெயரைப் போட்டால் சரக்கு நகரும் என்று யாரோ ஒரு நல்ல விற்பனையாளர் கண்டுபிடித்திருக்கிறார்.

இரண்டு கட்சிகளும் விற்கிறவரையும் வாங்குகிறவரையும் தனித்தனியே நிறுத்தித்தான் பேசுகின்றன. மீன் வியாபாரத்தில் அந்தப் பிரிவு நிற்காது. புதுச்சேரி நகரின் வடக்குக் கரையில், குருசுக்குப்பத்தை அடுத்து, சோலை நகருக்குப் போகிற வழியில் இருக்கிறது வைத்திக்குப்பம். மாசி மகத்தன்று மயிலம் முருகன் முதலிய தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு வருகிற கடற்கரை என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு இதைத் தெரியும். மற்ற நாட்களில் இது நகரத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு மீனவக் குப்பம். முத்தியால்பேட்டை மார்க்கெட்டும் கூபேர் அங்காடி என்கிற பெரிய மார்க்கெட்டும் நடந்தே போய்விடக்கூடிய தூரம். கடலும் சந்தையும் வாங்குகிற வீடுகளும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த இடங்கள் சோழமண்டலக் கரையில் குறைவு. வருமானம் எங்கே பிறக்கிறது என்று பார்க்க வசதியான இடம்.

படகு கரை தொட்டதும் மீன் பணமாகிவிடுவதில்லை. ஏலம் உண்டு. ஏலக்காரர் விலை சொல்ல, பெண்கள் இரண்டு மூன்று பேராகக் கூட்டுச் சேர்ந்து எடுப்பார்கள், பிறகு பங்கு போட்டுக்கொள்வார்கள். பெரும்பாலும் அந்த நேரத்தில் கையில் ரொக்கம் இருக்காது. விற்றுவிட்டுக் கொடுப்பதாகப் பேச்சு. அதன் பிறகு ஐஸ், ஆட்டோ, உட்கார ஓர் இடம். விடியலில் தொடங்குகிற இந்த ஓட்டத்துக்கு எதிரில் இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. நேரம் ஏற ஏற மீன் தன் விலையைத் தானே குறைத்துக்கொள்கிறது. துணிக்கடைக்காரர் இன்று விற்காத சேலையை ஆடித் தள்ளுபடி வரை வைத்திருக்கலாம். மீனுக்கு மத்தியானம்கூட வாய்தா கிடையாது. மிஞ்சினால் கருவாடு, அதுவும் எல்லா மீனுக்கும் ஒத்துவராது.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண் 20 கிலோ மீனைக் கிலோ 200 ரூபாய்க்கு எடுக்கிறார். முதல் 4,000 ரூபாய், செலவு 500. காலையில் 12 கிலோ 300 ரூபாய் விலைக்குப் போகிறது. பத்து மணிக்கு மேல் 5 கிலோவை 240-க்குத் தள்ளுகிறார். கடைசி 3 கிலோவைக் கூறு கட்டி, கிலோ 100 என்கிற கணக்கில் கொடுத்துவிட்டு எழுகிறார். வரவு 5,100, மிச்சம் 600 ரூபாய். இதே நாளில் அந்தக் கடைசி 3 கிலோவும் காலையிலேயே 300 ரூபாய்க்குப் போயிருந்தால் வரவு 5,700, மிச்சம் 1,200. மீன் கூடவில்லை, விலை ஏறவில்லை, அவர் கூவியதும் கூடவில்லை. காலை ஒன்பது மணிக்குள் இன்னும் மூன்று வீடுகள் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். கூலி இரட்டிப்பாகிவிட்டது.

அந்த மூன்று வீடுகள் எப்படி வந்தன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவை ஒரு நாள் பேச்சில் வரவில்லை. எந்த வீட்டில் முள் இல்லாத மீன்தான் இறங்கும், யார் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா வேண்டும், யார் நெத்திலியைத் தலை கிள்ளிக் கேட்பார்கள், யாருக்கு மாசம் பிறந்தால்தான் காசு என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிற பேரேடு. வாங்குகிறவர் பக்கமும் ஒரு பேரேடு இருக்கிறது. இந்த அம்மா செவுளைத் தூக்கிக் காட்டித்தான் கொடுப்பார், அந்தம்மா தராசில் விரல் வைப்பார் என்பது அதில் எழுதியிருக்கும். “என்னாக்கா, இன்னிக்கி சங்கரா எப்பிடி?” என்று கேட்டால், “உனுக்கு வாணாம்மா, நேத்து மீனு. காரப்பொடி எடுத்துக்க, இப்பத்தான் வந்துது” என்று பதில் வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கையில் வந்த வியாபாரத்தை விடுவதாகத் தெரியும். அடுத்த ஆறு மாத வியாபாரத்துக்கு அங்கே அச்சாரம் போடப்படுகிறது.

தரம் வாங்குகிறவருக்குத் தெரியாமல் விற்கிறவருக்கு மட்டும் தெரிந்தால், நல்ல சரக்கு சந்தையை விட்டே விலகிவிடும் என்று ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் பழைய கார்களை வைத்து விளக்கினார். பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்த கட்டுரை அது. மீனும் அந்த ஜாதிச் சரக்குதான். ஐஸில் கிடந்த மீனின் கண்ணைப் பார்த்து வயதைச் சொல்ல எல்லோராலும் ஆகாது. அப்படியானால் மீன் சந்தை ஏன் இன்னும் மூடப்படவில்லை? மொராக்கோவின் செஃப்ரூ நகர பஜாரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1978-ல் இதற்கு ஒரு பதில் கொடுத்தார். தகவல் அரிதாக, தாறுமாறாகக் கிடக்கிற சந்தையில், திரும்பத் திரும்ப ஒரே ஆளிடம் போவதுதான் தேடுகிற செலவைக் குறைக்கும் வழி. பேரமும் அதன் பகுதியே. விலையை மட்டும் அடித்துப் பேசுகிற பேரம் மேலோட்டமானது. இந்த ஆளிடம் இந்தச் சரக்கு எப்படி என்று ஆழமாகக் குடைகிற பேரம் வாடிக்கையில்தான் நடக்கும்.

வாடிக்கை என்றதும் அதை ஏதோ அன்பு, பாசம் என்று உருகிவிடவும் கூடாது. பிரான்சின் மார்செய் நகரத்து மொத்த மீன் சந்தையில் 1988 முதல் 1991 வரை நடந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கொடுக்கல் வாங்கல்களை ஆலன் கிர்மனும் கூட்டாளிகளும் அலசினார்கள். அங்கே விலைப் பலகை கிடையாது, ஆளுக்கு ஆள் விலை. வாங்குகிறவர்களில் ஒரு பெரும் பகுதியினர் ஒரே விற்பனையாளரிடமே போய்க்கொண்டிருந்தார்கள். அப்படிப் போனவர்கள் சராசரியாகக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தார்கள் என்பதுதான் வேடிக்கை. அதற்கு ஈடாக, சரக்கு குறைந்த நாளிலும் அவர்களுக்கு மீன் கிடைத்தது. நம் பெண்களும் இதைத்தான் செய்கிறார்கள். வஞ்சிரம் இரண்டே வந்த நாளில் அது யார் வீட்டுக்கு என்று கூடையில் வைக்கும்போதே முடிவாகிவிடும். புதிதாக வந்து நின்று விலை கேட்பவருக்கு “அது சொல்லி வச்சிருக்கு” என்ற பதில்தான். வாடிக்கைக்காரர் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுப்பது ஒரு வகைக் காப்பீட்டுத் தவணை.

இன்னொரு பக்கமும் உண்டு. நியூயார்க்கின் ஃபுல்டன் மீன் சந்தையில் கேத்ரின் கிராடி செய்த ஆய்வு 1995-ல் வந்தது. ஒரே வகை மீனுக்கு வெள்ளைக்கார வியாபாரிகளிடமிருந்து வாங்கிய விலையைவிட ஆசியர்களிடம் ஏறக்குறைய 7 சதவீதம் குறைத்தே வாங்கினார்கள் என்று அது காட்டியது. ஏழைப்பட்ட வட்டாரங்களில் கடை வைத்திருந்த ஆசியர்களால் அதற்கு மேல் கொடுக்க முடியாது என்பது விற்பவர்களுக்குத் தெரியும். ஆளைப் பார்த்து விலை சொல்வது உலகம் முழுக்க மீன் விற்கிறவர்கள் கற்ற கலை. புதுச்சேரியில் கடற்கரையைச் சுற்றிப் பார்க்க வந்தவரும் முத்தியால்பேட்டைக் குடும்பத்துக்காரரும் ஒரே விலை கேட்கப் போவதில்லை. மாசி மகக் கூட்டத்தில் பொரி, ஐஸ், பொம்மை விற்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை வரும் முகங்களிடம் விற்கிறார்கள். அங்கே நாளை என்பது இல்லாததால் விலையும் அந்த நாளுக்குரிய விலையாகவே இருக்கிறது. அதே கரையில், அதே மக்களிடையே, இரண்டு பொருளாதாரங்கள்.

மீனும் இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது, ஆனாலும் வருமானம் இல்லாமல் போக முடியுமா? கேரளத்தின் வடகரையில் 1997 ஜனவரியில் ஒரு நாள் 11 படகுகள் பிடித்து வந்த மத்தியை வாங்க ஆளில்லாமல் கடலில் கொட்டின. அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்ற கரைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கைபேசி வந்த பிறகு இது நின்றது. பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மீனவர்களின் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது. வாங்குகிறவர் கொடுத்த விலை சுமார் 4 சதவீதம் இறங்கியது. இருவருக்கும் லாபம். கூடுதலாக ஒரு மத்திகூடப் பிடிக்கப்படவில்லை. அந்த லாபம் அறுந்து கிடந்த தொடர்பிலிருந்து வந்தது. வைத்திக்குப்பத்துப் பெண்ணின் வாடிக்கை, கைபேசி வருவதற்கு வெகு காலம் முன்பே அந்த வேலையை ஒரு சிறு வட்டத்துக்குள் செய்துகொண்டிருந்தது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு, விற்கிறவர் அதைப் பார்த்துத்தான் ஏலத்தில் கை தூக்க வேண்டும். ஞாயிறு உச்சம். செவ்வாயும் வெள்ளியும் பல வீடுகளில் அடுப்பில் மீன் ஏறாது. புரட்டாசியில் சனிக்கிழமை மட்டுமென்று இல்லாமல் மாதம் முழுக்கவே கை வைக்காத வீடுகள் பல. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் விலகிவிடுவார்கள். அந்த நாட்களில் கிறிஸ்தவ வீடுகளும் முஸ்லிம் வீடுகளும் கூடையைக் காப்பாற்றும். புதுச்சேரியில் அவை கணிசம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது நிலைமை தலைகீழ்: வாங்க ஆள் இருக்கிறது, மீன்தான் இல்லை. இருக்கிற கொஞ்சத்தை யாருக்குக் கொடுப்பது, யாரைப் பகைத்துக்கொள்ளாமல் வெறுங்கையோடு அனுப்புவது என்பதில் அந்த இரண்டு மாதமும் கழியும். எந்த விற்பனைப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை.

வாங்குகிறவர் மொத்தமாக விலகினால் என்ன ஆகும் என்பதையும் இந்தக் கரை பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, படகும் வலையும் போனது ஒரு பக்கம். பிழைத்த படகுகள் கொண்டுவந்த மீனை வாங்கவும் ஜனங்கள் தயங்கினார்கள். கடலில் போன உடல்களை நினைத்து மனசு ஒப்பவில்லை. மீன் நல்ல மீன், விற்கிறவர் பழைய ஆள், ஆனாலும் வியாபாரம் படுத்தது. 2018-ல் மீனில் ஃபார்மலின் கலப்பதாகக் கேரளத்திலும் சென்னையிலும் பேச்சு கிளம்பியபோது மறுபடி அதே அச்சம். அந்த நாட்களில் வாங்கியவர்கள், ஆளை நம்பி வாங்கினார்கள். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடிந்த பெண்ணின் கூடைக்கும் பெட்டி பெட்டியாக லாரியில் வந்திறங்கிய மீனுக்கும் உள்ள வேறுபாட்டை அப்படிப்பட்ட சமயங்களில்தான் நகரம் கவனிக்கிறது.

இத்தனை வேலை செய்கிற ஒன்றை அரசுக் கணக்குகளில் தேடினால் கிடைப்பதில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் எடுக்கும் மீனவர் கணக்கெடுப்பில் கடலுக்குப் போகிறவர் ‘தொழிலில் ஈடுபடும் மீனவர்’ ஆகவும், விற்கிற பெண் ‘சார்பு வேலை’ செய்பவராகவும் பதிவாகிறார்கள். 2010 கணக்கெடுப்பு புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு 45 கிலோமீட்டர் கடற்கரையும் 40 மீனவக் கிராமங்களும் என்று காட்டியது. படகுகள், வலைகள், எந்திரங்கள் எல்லாம் வகை பிரித்து எண்ணப்பட்டன. மீனைப் பணமாக்குகிற வேலை யாருக்குச் சார்பு என்று எனக்குப் புரிந்ததில்லை. விற்ற பணம் வீட்டுக்கு வந்த பிறகுதானே டீசலுக்குக் காசு?

எண்ணப்படாத ஒன்றை இழந்தால் இழப்பீடும் கிடையாது. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணலை மறித்தன. வடக்கே இருந்த குப்பங்களின் மணல் கரைந்தது. கருங்கல் கொட்டிக் கரையைக் காக்க வேண்டியதாயிற்று. படகை ஏற்ற மணல் சுருங்க, நகரின் தெற்கே தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தின் முக்கியத்துவம் கூடியது. மீன் இறங்குமிடம் தள்ளிப்போனால் பெண்ணின் காலை நீள்கிறது, ஆட்டோ செலவு ஏறுகிறது, ஒன்பது மணிக்கு வாசலில் நிற்க வேண்டியவர் பத்தரைக்கு நிற்கிறார். நம் கற்பனைக் கணக்கில் அந்த மூன்று கிலோ போனது இப்படித்தான். கடலரிப்பு அறிக்கைகளில் மீட்டர் கணக்கில் கரை போனது இருக்கும். வாடிக்கை போனது இருக்காது.

பேருந்தும் இந்தக் கணக்கில் வரும். 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய ஒரு மூதாட்டியை நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். முதல்வர் கண்டித்தார், ஊழியர்கள் மீது நடவடிக்கை வந்தது. அது மரியாதைக் குறைவு என்ற கோணத்தில் பேசப்பட்டது, சரிதான். அன்றாட வியாபாரத்துக்கு வழியே அடைபடுகிறது என்ற கோணமும் இருந்தது.

சந்தையை இடம் மாற்றும்போது இந்தப் பிரச்சினை பட்டவர்த்தனமாகத் தெரியும். சென்னை நொச்சிக்குப்பத்தை ஒட்டிய மெரினா லூப் சாலையில் சாலையோர மீன் கடைகளை 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் அகற்றத் தொடங்கியதும் மீனவர்கள் மீன்களையும் படகுகளையும் சாலையில் போட்டுப் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் அங்கேயே 300-க்கும் மேற்பட்ட கடைகளுடன் நவீன அங்காடி திறக்கப்பட்டது. கட்டடம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்காமலே விலை கேட்டு வாங்கிப் போனவர் உள்ளே நடந்து வருவாரா என்பது கான்கிரீட்டில் அடங்காத கேள்வி. புதுச்சேரியில் கூபேர் அங்காடியை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு வியாபாரிகள் காட்டிய எதிர்ப்பின் அடியிலும் இதே அச்சம் இருந்தது. இடைக்காலத்தில் எங்கே போவது, போனால் ஜனங்கள் தேடி வருவார்களா, திரும்பி வந்தால் பழைய இடம் கிடைக்குமா? அதிகாரிகள் இதைப் பிடிவாதம் என்கிறார்கள். தன் முதலைக் காப்பாற்றப் பார்க்கிற எந்த முதலாளியையும் நாம் பிடிவாதக்காரர் என்பதில்லை.

விசித்திரம் என்னவென்றால், சட்டம் இதைப் புரிந்துகொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது. 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டத்தில் இயல்பான சந்தை என்றொரு வரையறை உண்டு: விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் வழிவழியாகக் கூடும் இடம். இரு தரப்பையும் சேர்த்தே சட்டம் சொல்கிறது. 50 ஆண்டுக்கு மேல் அப்படி வியாபாரம் நடந்த இடங்களைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவித்து, அங்குள்ளவர்களை இடம் பெயர்க்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. நகர வியாபாரக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெரு வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நடைமுறையில் அடையாள அட்டை கொடுப்பதோடு பல நகராட்சிகள் வேலையை முடித்துக்கொண்டன.

கடன் விஷயத்துக்கு வருவோம். 2020 ஜூனில் தொடங்கிய பிரதமரின் தெரு வியாபாரிகள் கடன் திட்டம் முதல் தவணையாக 10,000 ரூபாய் வரை ஈடில்லாமல் கொடுத்தது. எல்லோருக்கும் ஒரே அளவு. ஏலக்காரர் அப்படிக் கொடுப்பதில்லை. ஒரு பெண்ணுக்கு எத்தனை வீடு, எந்தத் தெரு, மாசக் கடைசியில் யார் இழுப்பார்கள் என்று பார்த்துத்தான் இன்று எவ்வளவு மீனைக் கடனாக விடலாம் என்று முடிவு செய்கிறார். வாடிக்கையை முதலாக மதிக்கத் தெரிந்த ஒரே நிதி நிறுவனம் அவர்தான். அதற்கு அவர் எடுக்கும் கூலியும் கொஞ்சநஞ்சமல்ல. பெங்களூரில் 2015-ல் தொடங்கிய லிஷியஸ் என்ற இறைச்சி, மீன் விற்பனை நிறுவனம் 2021-ல் நூறு கோடி டாலர் மதிப்பைத் தொட்டது. முதலீட்டாளர்கள் அங்கே மீனுக்கா பணம் போட்டார்கள்? திரும்பத் திரும்ப வாங்குகிற வீடுகளின் பட்டியலுக்குத்தான் அந்த விலையில் பெரும் பங்கு. ஏறக்குறைய அதே மாதிரிப் பட்டியல், சிறிய அளவில், வைத்திக்குப்பத்தில் ஐம்பது வயதுப் பெண்ணின் தலைக்குள் இருக்கிறது. அதை அடகு வைக்க முடியாது.

ஆனால் கைமாற்ற முடியும். மாமியார் மருமகளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், “இனிமே இதுதான் வரும்” என்று சொல்லி வைக்கிற வழக்கம் மீன் விற்கிற குடும்பங்களில் உண்டு. அந்தத் தொடர் இப்போது தளர்ந்துவருகிறது. படித்த மகள்கள் கூடை தூக்கத் தயாரில்லை, தாய்மார்களும் தூக்கச் சொல்வதில்லை. நாற்றம் என்று முகம் சுளித்தவர்களைத் தாண்டி வந்தவர்களுக்கு அந்த முடிவில் நியாயம் இருக்கிறது. சிலர் செவிலியர் வேலைக்குப் போகிறார்கள். சிலர் நேரு வீதி போன்ற கடைத்தெருக்களில் ஜவுளிக்கடை, நகைக்கடை விற்பனைப் பெண்களாகிறார்கள். சீருடை, மாதச் சம்பளம், மின்விசிறி எல்லாம் உண்டு. விற்பனையாளர்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-ல் ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. அம்மாவின் கெட்டிக்காரத்தனம் மகளிடமும் இருக்கும். எந்தக் கை எந்தச் சேலையில் நிற்கிறது என்று அவளுக்கும் தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி அவளைத் தேடி வருகிற குடும்பங்களும் இருக்கும். அந்தக் குடும்பங்களின் கைபேசி எண்கள் பில் போடும் இடத்தில் கடையின் கணினியில் ஏறுகின்றன. அவள் வேலையை விட்டு வெளியே வரும் நாளில் அவை உள்ளேயே இருந்துவிடும்.